பெண்ணின் தாயார் பெயருக்கும் ஒரு கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சம்பந்தம் வைத்திருக்கும் நெல்லைச் சீமைக் குடும்பங்கள் பேரப்பிள்ளைகளுக்காக இருபக்க வம்சாவளியும் எழுத முனைகின்றன. பிரெஞ்சு வழியில் பத்துத் தலைமுறைகூட ஏறிவிடுகிறது. நம் பக்கம் பெரும்பாலும் பூட்டனோடு நின்றுபோகிறது.

அங்கே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் வழி தவறும். படைவீரர்கள், குடியேறியவர்கள் பலருக்கு இரண்டாவதாக ஒரு பெயர் உண்டு. நம் பத்திரங்களில் 'என்ற' போட்டு எழுதுவதுபோல 'ஊதோன் என்ற பொலியூ' என்று பதிவாகும். பிள்ளைகளில் ஒருவர் முதல் பெயரையும் இன்னொருவர் இரண்டாவதையும் வைத்துக்கொள்வார்கள். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களில் பெயரை ஆங்கிலமாக்கிக்கொண்டு புவாவேர் கிரீன்வுட் ஆனார், ருவா கிங் ஆனார். ஞானஸ்நானத்தில் ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் ஜோசப், பெண்பிள்ளைகளுக்கெல்லாம் மரி என்று முன்னால் சேர்த்திருப்பார்கள். கூப்பிடும் பெயர் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும்.

ஆகவே கல்யாணத்திலிருந்து கல்யாணத்துக்குத்தான் ஏற வேண்டும். திருமணப் பதிவில் இருவரின் தாய் தந்தையர் பெயரும் இருக்கும், தாயின் பெயர் பிறந்த வீட்டுப் பெயரோடு. பெண்ணின் பங்குக் கோவிலில்தான் (ஊர்த் தேவாலயத்தில்) பெரும்பாலும் கல்யாணம் நடந்திருக்கும் என்பதால் முதலில் அங்கே பார்க்க வேண்டும். பலர் சறுக்குவது மறுமணத்தில்: பெற்றோர் பெயர் இராது, 'இன்னாரின் விதவை' என்று மட்டும் இருக்கும். உடனே முதல் கல்யாணத்தைத் தேட வேண்டும். 'மூன்றாம் படி உறவுக்கு விலக்கு' (உறவுக்குள் கட்டிக்கொள்ளத் திருச்சபை தரும் அனுமதி) என்று எழுதியிருந்தால் இருவருக்கும் பூட்டன் பூட்டி ஒன்று. (நம் மாமன் மகள் அந்தக் கணக்கில் இரண்டாம் படி, அனுமதி வாங்காமல் கல்யாணம் நடக்காது!) 1679 முதல் பதிவேட்டுக்கு இரண்டு பிரதி, ஒன்று கோவிலில், ஒன்று நீதிமன்றத்தில். ஒன்று எரிந்தாலும் மற்றது மிஞ்சும். 1994 முதல் பதிவு அரசிடம் போய்விட்டது. அவற்றைப் பொதுவில் பார்க்க முடியாது.

இங்கே நமக்கு இனிஷியல் ஒரு தலைமுறைக்கு மேல் தாங்காது. பேரனுக்குத் தாத்தா பெயர் என்பதால் சுடலைமுத்து மகன் இசக்கிமுத்து, அவர் மகன் மறுபடி சுடலைமுத்து. ஊர்ப் பட்டப்பெயர் தெரியாவிட்டால் யார் எவர் என்று பிரிக்க முடியாது. ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் எல்லாரும் பங்காளிகள் அல்லர். கோவில் கொடைக்கு வரி பிரித்த பழைய நோட்டில் தலைக்கட்டுப் பெயர்களைப் பார்த்தால் பங்காளிகள் தெரிவார்கள். பெண்கள் பெயர் அதில் வராது. அதற்கு விடுதலைப் பத்திரம்தான் கதி: சொத்தில் உரிமை விட்டுக்கொடுத்த அக்கா தங்கைகள், அவர்கள் கணவர், வாழ்க்கைப்பட்ட ஊர் எல்லாம் அதில் இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பதிவேடு இருந்தும் பாதிதான் பயன். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் படிவத்தில் தகப்பனார் பெயருக்குத்தான் கட்டம் உண்டு. சட்டத்தை மாற்றும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு திருச்சபைச் சேகரமும் பங்கும் தனிக் குடும்ப நோட்டு ஒன்று போட்டு, பெண் மாப்பிள்ளை இருவரின் தாயார் பெயர், தாயாரின் தகப்பனார் பெயர், பிறந்த ஊர், பட்டப்பெயர் நான்கையும் கல்யாணத்தன்றே எழுதி வைக்கலாம். கொடை வரி நோட்டிலும் அப்படியே எழுதலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.