டெட்வுட் கடைத்தெருவில் விட்டுப்போனவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலப் பயணக்கட்டுரையை விரும்பிப் படித்தேன். படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் தங்க வேட்டையில் முளைத்த டெட்வுட் ஊரின் பழைய கடைத்தெருவுக்கு வந்ததும் துப்பாக்கிச் சண்டை, சலூன் என்ற மதுக்கூடம், சீட்டாட்டம் என்று அதோடு முடித்துவிட்டீர்களே, அதுதான் வருத்தம். நான் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். சுரங்க ஊர் என்றாலே கொஞ்சம் கூடுதலாகத் துருவிப் பார்ப்பேன், அந்தத் தெருவிலும் அப்படித்தான் நடந்தேன்.

பேர்பெற்ற துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக் சுடப்பட்ட சலூன் என்று கட்டுரையில் போட்டிருக்கும் படம் இன்றைய 'நம்பர் 10' சலூன். 1876 ஆகஸ்ட் 2 அன்று சீட்டாடிக்கொண்டிருந்தவரை ஜாக் மக்கால் பின்னாலிருந்து சுட்ட கட்டடம் அது இல்லை. அந்த இடம் தெருவின் எதிர்ப்பக்கம். பழைய கட்டடம் 1879 செப்டம்பரில் ஒரு பேக்கரியில் பிடித்த தீயோடு போய்விட்டது. அந்த ஒரு தீயில் சுமார் 300 கட்டடங்கள் சாம்பலாயின, அதற்குப் பிறகுதான் ஊர்க்காரர்கள் மரத்தை விட்டுச் செங்கல்லுக்கும் கல்லுக்கும் மாறினார்கள். ஆகவே மெயின் ஸ்ட்ரீட் என்ற அந்தக் கடைத்தெருவில் நாம் நின்று படமெடுக்கும் முகப்புகள் தங்க வேட்டைக் கூடாரங்களின் காலத்தவை அல்ல, ஒரு முறை எரிந்து, 1883 வெள்ளத்தையும் பார்த்து, இங்கேயே இருப்போம் என்று முடிவெடுத்தவர்கள் கட்டியவை. எனக்கு அந்தத் துப்பாக்கிக் கதையைவிட இது பெரிய கதையாகத் தெரிகிறது.

அப்புறம், இந்தத் தெரு எப்படிப் பிழைத்தது என்பது. 1961ல் ஊரையே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். சரி, அறிவிப்பால் ஒழுகும் கூரை சரியாகுமா? ஊர் சரிந்துகொண்டே வந்தது, 1987 டிசம்பரில் மறுபடி ஒரு தீ வந்து நடுத்தெருவில் இருந்த சிண்டிகேட் கட்டடத்தைத் தின்றது. அதற்குப் பிறகுதான் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்து அதில் வரும் வரியைப் பழைய கட்டடங்களைக் காக்கச் செலவிடலாம் என்ற யோசனை வலுப்பெற்றது. மாநில மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள், 1989 நவம்பர் 1 அன்று ஆட்டம் தொடங்கியது. அப்போது நெவாடாவையும் அட்லாண்டிக் சிட்டியையும் விட்டால் அமெரிக்காவில் இப்படி அனுமதி பெற்ற இடம் இதுதான், பந்தயத் தொகைக்கு உச்சவரம்பு வெறும் 5 டாலர். அந்தப் பணத்தில் தெரு சீரானது, முகப்புகள் நிமிர்ந்தன, மலைச்சரிவில் வீடுகளைத் தாங்கும் கல் சுவர்களைக்கூடத் திரும்பக் கட்டினார்கள். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் துணிக்கடை, இரும்புக்கடை என்று ஊர்க்காரர்கள் சாமான் வாங்கிய கடைகள் இருந்த இடத்தில் வரிசையாக ஸ்லாட் மெஷின் என்ற சூதாட்ட இயந்திரங்கள் வந்துவிட்டன. முகப்பைக் காப்பாற்றி, கடைத்தெரு என்ற உயிரைக் கொடுத்துவிட்டார்கள் என்பதே என் கருத்து.

இதிலும் ஒரு பகுதி காப்பாற்றப்படவில்லை. மெயின் ஸ்ட்ரீட்டின் கீழ்க்கோடியில் சீனர்கள் வாழ்ந்தார்கள். சலவை, சமையல், மளிகை, மருந்து, சுரங்க வேலை என்று ஊருக்கே உழைத்தவர்கள். ஃபீ லீ வாங் என்ற வணிகரின் 'விங் சூ' கடை அங்கே பேர்பெற்றது, அவருடைய பிள்ளைகள் அந்த ஊரிலேயே பிறந்தவர்கள். 1888 ஜூலை 4 விழாவில் தீயணைப்புக் குழாய் இழுத்து ஓடும் பந்தயத்தில் ஜெயித்த சீன அணியின் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது, நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறார்கள். ஊரே எரிந்து ஒன்பது வருடம் ஆன நிலையில் அந்தப் பந்தயம் என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! இத்தனை பாதுகாப்புச் சட்டம் இருந்தும் விங் சூ கட்டடத்தை 2005 டிசம்பரில் இடித்துவிட்டார்கள். அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.

அந்த மண்ணின் பூர்வகுடிகளான லகோட்டா மக்களைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. அமெரிக்க அரசோடு செய்த 1868 ஒப்பந்தப்படி, டெட்வுட் இருக்கும் பிளாக் ஹில்ஸ் மலைகள் அவர்களுடையவை. 1874ல் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை போய்த் தங்கம் இருக்கிறது என்று சொன்னதும் ஆட்கள் புகுந்தார்கள், 1876ல் டெட்வுட் முளைத்தபோது அது சட்டவிரோதக் குடியிருப்பு, மறு வருடமே அரசு மலைகளைப் பறித்துக்கொண்டது. 1980ல் உச்ச நீதிமன்றம் வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்றது. பணம் வேண்டாம், மலைதான் வேண்டும் என்று அவர்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. "யாருமில்லாத காட்டில் உருவான ஊர்" என்று நீங்கள் எழுதியது தவறு, அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.

அங்கே போக நினைக்கும் வாசகர்களுக்கு: பக்கத்து லீட் ஊரின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தையும் பாருங்கள், எங்கள் சுரங்கம் மூடிய மறு வருடம், 2002ல் மூடப்பட்டது, இப்போது அதன் ஆழத்தில் இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. டெட்வுட்டில் ஆடம்ஸ் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மவுண்ட் மோரியா கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினால் ஹிக்காக் கல்லறையோடு திரும்பிவிடாமல் சீனர்களை அடக்கம் செய்த பகுதிக்கும் போய்வாருங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், பெங்களூரு