நீச்சல் குளத்து நீர் கலங்கினாலோ பச்சை பூத்தாலோ: உறுப்பினர்கள் கவனத்திற்கு

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வீட்டு நீச்சல் குளத்தில் பாசி படிவதாகப் பலரும் கேட்டு வருவதால், செய்ய வேண்டியவற்றை இங்கே பதிவிடுகிறேன்.

குளோரினைக் கொட்டுவதற்கு முன் நீரின் பிஹெச் (அமில-காரத் தன்மை) அளவைச் சோதித்து, அதை 7.2 முதல் 7.6 வரைக்குள் கொண்டுவர வேண்டும். பிஹெச் 8-ஐத் தாண்டிய நீரில் குளோரினின் பெரும்பகுதி வீரியமின்றிப் போய்விடும் என்பதால், அவசரத்தில் பலர் விட்டுவிடும் இந்தச் சோதனையே என் பார்வையில் மிக முக்கியமானது.

பிறகு சுவர், படி, ஏணியின் பின்புறம் எனக் கையில் வழுவழுப்பு தட்டுப்படும் இடங்களையெல்லாம் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். வெயில் குளோரினைச் சிதைத்துவிடும் என்பதால், பொழுது சாய்ந்தபின் குளோரின் உறையில் பாசியை அழிக்கக் குறிப்பிட்டுள்ள கூடுதல் அளவை இட்டு, பம்பையும் ஃபில்டரையும் இரவு பகலாக ஓடவிடுங்கள். பச்சை மறைந்து நீர் சாம்பல் கலந்த வெண்மையாகத் தெரிந்தால், அது செத்த பாசிதான். அதை அகற்றுவது ஃபில்டரின் வேலை, மேலும் மேலும் மருந்து போட்டுப் பயனில்லை. மணல் ஃபில்டரின் அழுத்தமானி, சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) கூடினால், நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவிவிட வேண்டும்.

பிஹெச்சைக் குறைக்கப் போடும் அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள்; நச்சு வாயு வெளிப்படும். அடியிலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிந்து, குளோரின் அளவு 4 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 4 பங்கு) கீழ் இறங்கும்வரை எவரையும், குறிப்பாகக் குழந்தைகளை, குளத்தில் இறங்க அனுமதிக்க வேண்டாம்.