ஒரு ரப்பர் உறைக்காக ஒன்பது நாள்: கார் நிறுவனத்தாருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கார் உற்பத்தி நிறுவனத்தாருக்கும் உதிரிபாக விற்பனைப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

பின்சக்கர டிஸ்க் பிரேக்கின் சிறு பாகங்களைத் தனியாக விற்க மறுக்கும் தங்கள் வழக்கம் பற்றிக் குமுளியிலிருந்து இரண்டு முறை எழுதினேன். பதில் வராததால் இம்முறை ஊரறிய எழுதுகிறேன்.

சென்ற மாதம் பின்பக்க பேடுகளை, அதாவது டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டைகளை, வீட்டிலேயே மாற்ற முனைந்தேன். புதிய பேடுகளுக்கு இடம் கிடைக்க, அவற்றை அழுத்தும் பிஸ்டனை முதலில் உள்ளே தள்ள வேண்டும். முன்சக்கர பிஸ்டனை நேராக அழுத்தித் தள்ளிவிடலாம். ஹேண்ட் பிரேக்கின் அமைப்பு, பிஸ்டனையும் பேடுகளையும் தாங்கும் காலிப்பருக்குள்ளேயே இருக்கும் என் காரின் பின்சக்கரத்திலோ, பிஸ்டனைத் திருகியபடியேதான் உள்ளே செலுத்த வேண்டும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதற்கான கருவி என்னிடம் உண்டு. பிரேக் எண்ணெய் வரும் ஹோஸில் பாரம் விழாதபடி காலிப்பரைக் கம்பியால் கட்டி வைத்து, முறைப்படிதான் செய்தேன். இடப்பக்கத்தில் பிஸ்டனை மூடும் ரப்பர் உறை கிழிந்து, மழைநீர் புகுந்து, பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தது. எனக்கு வேண்டியது ஓர் உறை, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஒரு சீல், ஒரு பிஸ்டன், அவ்வளவே.

சீல் தனியாக வராது, முழு காலிப்பர்தான் வாங்க வேண்டும், அதையும் வண்டியைக் கொண்டுவந்தால்தான் மாட்டித் தருவோம் என்றார்கள் தங்கள் விற்பனையகத்தில். பின் பிரேக்கைக் கழற்றிய வண்டியை மலையிலிருந்து எப்படி இறக்குவது என்று கேட்டேன், பதில் இல்லை.

ஒன்பது நாள் வண்டி ஸ்டாண்டின் மேல் நின்றது. அதற்கிடையில் அம்மாவைக் கண் மருத்துவரிடம் காட்ட, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தேனிக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றேன். உட்கார இடமில்லை. மலையடியிலுள்ள லோயர் கேம்புக்கு இறங்கும் ஒவ்வொரு வளைவிலும், ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் தோளையும் பற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி நின்றார். அந்தப் பிடியை நான் மறக்கவில்லை.

சீலையும் உறையையும் தனியாக விற்பனை செய்யுங்கள் என்பதே என் கோரிக்கை.

பாதுகாப்பு கருதியே விற்பதில்லை என்பீர்கள். பாதுகாப்பில் அக்கறை இருந்தால், எந்த போல்ட்டை எவ்வளவு டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்க வேண்டும் என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு வெளியிட்டிருக்க வேண்டாமா? பொத்தானை அழுத்தினால் இயங்கும் பார்க்கிங் பிரேக் உள்ள புதிய கார்களில், பேடு மாற்றுமுன் அந்த பிரேக்கை இறுக்கும் மோட்டாரைப் பின்னிழுத்து வைக்கும் வசதியையும் பல மாடல்களில் ஸ்கேனர் என்னும் சோதனைக் கருவிக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்கள். இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக 2014 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவு, உதிரிபாகங்களும் பழுதுநீக்கும் கருவிகளும் வெளிச் சந்தையில் கிடைக்க வேண்டும் என்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், மலையில் வாழ்பவன் ஒரு ரப்பர் வளையத்துக்காகக் கைகூப்பி நிற்பது நியாயமா?

சினம் மிகுந்திருந்தால் பொறுத்தருளுங்கள். வலப்பக்க உறையிலும் இப்போது விரிசல் கண்டிருக்கிறது. ஜூன் மழைக்கு முன் அதை மாற்றியாக வேண்டும். சீலும் உறையும் தனியாகக் கிடைக்க ஆவன செய்யுமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
குமுளியிலிருந்து தங்கள் வாடிக்கையாளர் ஒருவர்