எண்ணும் முன் படியுங்கள்: ஆசிரியர் தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரியிலும் கடலூரிலும் உள்ள பல்கலைக்கழக, கல்லூரித் தேர்வுக் குழுக்களின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சமூக அறிவியல் துறையில் ஒருவரைப் பணியில் அமர்த்தவோ பதவி உயர்த்தவோ நீங்கள் கூடும்போது, அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கை, அவை பெற்ற மேற்கோள்கள், எச்-குறியீடு ஆகியவை ஒரு தாளில் தொகுக்கப்பட்டு உங்கள் முன் வைக்கப்படுகின்றன. விண்ணப்பதாரர் எழுதியவற்றில் சிலவற்றையாவது முழுமையாகப் படித்த பிறகே அந்தத் தாளைக் கையில் எடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

எச்-குறியீட்டை 2005-இல் முன்வைத்த ஹோர்ஹே ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். பத்துக் கட்டுரைகள் குறைந்தது பத்து முறை வீதம் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் ஒருவரின் குறியீடு 10 ஆகிறது. பல ஆண்டுகள் உழைத்து ஒரே ஒரு நூலை எழுதியவருக்கு, அந்நூல் 500 இடங்களில் எடுத்தாளப்பட்டிருந்தாலும், குறியீடு 1 மட்டுமே. இக்குறியீடு துறைக்குத் துறை வேறுபடும் என்பதை ஹிர்ஷே தம் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார். நூல்களாலும் தொகுப்பு நூல்களின் இயல்களாலும் வளர்ந்துவந்த வரலாற்றையும் மானுடவியலையும் வேதியியலுக்கு உரிய அளவுகோலால் அளப்பது எவ்வகையிலும் முறையாகாது.

காலக் கணக்கும் எங்கள் துறைக்குப் பொருந்துவதில்லை. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள்கள் பெறுகின்றன என்று காட்டும் தாக்கக் காரணி, முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளை மட்டுமே கணக்கில் கொள்கிறது. ஆனால் 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் குடும்பங்களின் கடனையும் வேலைவாய்ப்பையும் அறிய 2010, 2016-17, 2020-21 என மூன்று சுற்றுகளாகக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். இடையில் பணமதிப்பு நீக்கமும் கொரோனாவும் வந்துபோயின. முன்பு சந்தித்த குடும்பங்களிடமே திரும்பிச் சென்றதால்தான் அவர்களுடைய கடன்சுமை எப்படி மாறியது என்பதைத் தொடர்ந்து பார்க்க முடிந்தது. பத்தாண்டு நீளும் இத்தகைய உழைப்பின் பயனை இரண்டு ஆண்டு மேற்கோள் கணக்கு எப்படிச் சொல்லும்?

இத்தகைய ஆய்வு தனி ஒருவரால் ஆவதும் அன்று. நகை அடகு, மகளிர் குழுக் கடன், கைமாற்று, வட்டிக்கு வாங்கியது என்று ஒரு குடும்பத்தின் கடன்கள் பலவாக இருக்கும். கணவருக்குத் தெரியாமல் மனைவி வாங்கியதும் அவற்றில் இருக்கலாம். முன்பின் தெரியாதவரிடம் இவற்றை யாரும் எளிதில் சொல்வதில்லை. ஊரையும் பேச்சு வழக்கையும் அறிந்த களப்பணியாளர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டுப் பெற்ற தகவல்தான் பின்னர் வெளிநாட்டு இதழில் அட்டவணையாக அச்சேறுகிறது. அவர் பெயரோ பல நேரங்களில் நன்றியுரையோடு நின்றுவிடுகிறது. ஆகவே, கூட்டாக எழுதப்பட்ட கட்டுரையைக் காணும்போது ஆசிரியர் வரிசையை மட்டும் பார்க்காமல், கேள்விப்பட்டியலை வகுத்தவர் யார், களத்தில் இருந்தவர் யார், எழுதியவர் யார் என்று தயவுசெய்து கேளுங்கள்.

மேற்கோள்களைத் தொகுத்து எண்ணும் தரவுத்தளங்களில் நம் பெயர் வழக்கமும் ஒரு சிக்கலாகிறது. தலைப்பெழுத்தோடு எழுதும் நம் பெயர்களில் எது குடும்பப் பெயர் என்று அத்தரவுத்தளங்களுக்குத் தெரிவதில்லை. ழகரத்தை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதிவிட்டால் ஒரே ஆய்வாளர் இரண்டு பேராகப் பிரிந்துபோகிறார். அவருடைய மேற்கோள்களும் அவ்வாறே சிதறுகின்றன.

எனக்கு மிகுந்த கவலை தருவது தமிழில் எழுதப்படும் ஆய்வின் நிலை. சுருக்குமடி வலைச் சிக்கலைப் பற்றித் தேவனாம்பட்டினத்து மீனவர்களும் படித்து மறுக்கவோ ஏற்கவோ கூடிய வகையில் ஒருவர் தமிழில் எழுதினால், ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளத்தில் அதற்குப் பெரும்பாலும் இடமே இருக்காது. 2015-இல் நேச்சர் இதழில் வெளியான, ஆய்வை மதிப்பிட எண்களைப் பயன்படுத்தும் முறை பற்றிய லெய்டன் அறிக்கை, வட்டாரத் தேவை சார்ந்த ஆய்வின் சிறப்பைக் காக்க வேண்டும் என்று வலியுறுத்தி, ஸ்பானிய மொழிச் சமூகவியல் கட்டுரைகளை எடுத்துக்காட்டியது: உள்ளூர்த் தொழிலாளர் சட்டம், முதியோர் பராமரிப்பு போன்ற பொருள்கள் ஆங்கில இதழ்களை நோக்கிய ஓட்டத்தில் விடுபட்டுப்போகின்றன. நம் நிலைமையும் அதுவே.

எண்கள் இல்லாவிட்டால் சிபாரிசுக்குக் கதவு திறந்துவிடும் என்று உங்களில் சிலர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் தம்மைத் தாமே மேற்கோள் காட்டியும், நண்பர்களுக்குள் மாறி மாறி மேற்கோள் காட்டியும் எண்களைக் கூட்ட முடியும் என்பதை நாம் அறிவோம். படித்தவர் தம் கருத்தைக் காரணத்தோடு எழுதிக் கையொப்பமிட்டுக் கோப்பில் வைப்பதே சிபாரிசுக்கு வலுவான தடை. மேலும், பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் குறித்த தன் ‘கேர்’ பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டதால், இதழ்களின் தரத்தை முடிவுசெய்யும் பொறுப்பு நிறுவனங்களிடமே வந்திருக்கிறது. மாற்றத்திற்கு இதுவே தக்க தருணம்.

எனவே, விண்ணப்பதாரர் தாமே தேர்ந்த மூன்று ஆக்கங்களையும், ஒவ்வொன்றிலும் தம் பங்கு என்ன என்ற ஒரு பக்கக் குறிப்பையும் கேட்டுப் பெறுங்கள். அவற்றுள் தமிழில் எழுதியதும் இருக்கலாம் என்று அறிவிப்பிலேயே தெரிவியுங்கள். தமிழ் ஆய்வுரையைப் படித்து எடைபோடக்கூடிய துறை வல்லுநர் ஒருவரைக் குழுவில் சேருங்கள். அடுத்த தேர்வு அறிவிப்பிலிருந்தே இதனை நடைமுறைப்படுத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆய்வாளர் ஒருவர்,
புதுச்சேரி