செவலை போன முகாம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. அப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்தபோது மனம் லேசானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

நீ சாத்தூரிலிருந்து அனுப்பிய சிப்பிப்பாறை நாய் செவலையைக் கூட்டிக்கொண்டு, நாய்கள் தடைகளைக் கடந்து ஓடும் விளையாட்டான அஜிலிட்டிக்கு நடந்த பயிற்சி முகாமுக்குப் போய்வந்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில் ஒரு மாந்தோப்பு. தை மாதம், மரமெல்லாம் பூ. வெயில் ஏறுமுன் காலையிலும், சாய்ந்தபின் மாலையிலும்தான் பயிற்சி. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கும் என்பதால் அந்த ஏற்பாடு.

குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து, 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளை நிகழ்ச்சியாகத் தொடங்கிய விளையாட்டு இது. தாண்டும் தடைகள், சுரங்கக் குழாய், சீசா என்ற ஏற்ற இறக்கப் பலகை, வளைந்து வளைந்து நுழைந்து போக வரிசையாக நட்ட 12 கம்புகள் என எல்லாவற்றையும் குறித்த வரிசையில் நாய் முடிக்க வேண்டும். போட்டியில் சங்கிலியைப் பிடிக்கக் கூடாது, நாயைத் தொடக் கூடாது, கையில் தீனியும் கூடாது. கூட ஓடுகிற நாம்தான் அதற்கு வழிகாட்டி.

சிப்பிப்பாறைக்கு இதெல்லாம் வருமா என்று அங்கே சிலர் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆட்டு மந்தையை ஓட்டப் பழகிய பார்டர் கோலி நாய், ஆளின் குறிப்பறிந்து வேலை செய்யும்படி தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது. முயல் விரட்டப் பிறந்த நம் நாய்க்குக் கண் எப்போதும் தொலைவில். முடிவையும் தானே எடுத்துவிடும். செவலையும் முதலில் தோப்பின் கோடி வரை பாய்ந்து போய் நின்றாள். பயிற்சியாளர் என்னைக் கத்தவே விடவில்லை. "உங்கள் தோளும் காலும் எந்தப் பக்கம் திரும்புகின்றனவோ அதைத்தான் அவள் படிப்பாள்" என்றார். சுரங்கத்தின் பக்கம் தோளைத் திருப்பி நான் ஓடியதும் அவளும் உள்ளே நுழைந்தாள். நண்பா, மறுமுனையில் வெளியே வந்தவள் என்னைத் தேடிப் பார்த்தாள் பார், அந்தப் பார்வைக்காகவே இன்னும் எத்தனை முகாமுக்கும் போவேன்.

கம்பு வரிசைதான் கடினம். முதல் கம்பு நாயின் இடது தோள் பக்கம் வரும்படி நுழைய வேண்டும். ஒரு கம்பைத் தவறவிட்டாலும் ஆகாது. சீசா இறங்கும் முனையில் பழைய மெத்தையைப் போட்டிருந்தார்கள். பலகை தரையில் மோதும் சத்தத்துக்கு மிரண்ட நாய் மறுபடி அதில் ஏறாது. பலகையின் இரு முனைகளிலும் மஞ்சள் பூச்சு. அங்கே கால் பதித்தே இறங்க வேண்டும் என்ற விதி, உயரத்திலிருந்து குதித்து மூட்டைக் கெடுத்துக்கொள்ளாமல் நாயைக் காக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி அதுதான். எலும்பு முற்றாத குட்டிகளுக்குத் தாண்டும் தடையின் கம்பைத் தரையில்தான் வைத்தார்கள். இங்கிலாந்தில் 18 மாதம் நிறையாத நாயைப் போட்டியிலேயே சேர்ப்பதில்லை.

செவலைக்கு ஒரே தடையைத் திரும்பத் திரும்பச் செய்தால் சலித்துவிடும். இரண்டு முறை ஓட்டம், பிறகு நிழல், தண்ணீர். நம் ஊர் நாய் சொன்ன பேச்சுக் கேட்காது என்று சொல்பவர்கள் அவளை அங்கே பார்த்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட நாயை நாள் முழுக்கக் கட்டிப்போடுவதை இனி என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

அவளுடன் பிறந்த பெட்டை உன் தோட்டத்தில்தானே இருக்கிறது? கொல்லையில் கம்பு வரிசைக்காகப் பிவிசி குழாய்களை 60 செ.மீ. இடைவெளி விட்டு நட்டு வைத்திருக்கிறேன். அப்பாவுக்குக் கண் தெளிந்ததும் அவளையும் அழைத்துக்கொண்டு வா. மாங்காய் இறங்கும் நேரமாகவும் இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்