எங்கள் குழுவின் டீச்சர்களுக்கும் சார்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

அவிநாசிப் பக்கத்து ஈராசிரியர் பள்ளி ஒன்றிலிருந்து எழுதுகிறேன். குழுவிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்த வருஷம் என் வகுப்பில் நடந்ததற்கு அது போதாது.

2020-ல் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது, பாட வீடியோக்களை அனுப்பிக்கொள்ள ஆரம்பித்த வாட்ஸ்அப் குழு நம்முடையது. அப்போது முளைத்த குழுக்கள் பலவற்றில் இன்று காலை வணக்கப் படங்கள்தான் மிச்சம். நம் குழு அப்படி ஆகாமல் காத்த அட்மின் அக்காவுக்கு முதல் நன்றி. பூப்படம் போட்டால் தலைமையாசிரியர் என்றாலும் தயவுதாட்சண்யம் கிடையாது, அழித்துவிடுவார்.

2022-ல், சின்ன வகுப்புப் பிள்ளைகள் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பதற்கான தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தோம். வட்டார வள மையத்தில் பயிற்சி நன்றாகவே கொடுத்தார்கள். அப்புறம் வகுப்பில் முளைக்கிற சந்தேகத்தை யாரிடம் கேட்பது? பக்கத்து அறையில் இருக்கும் ஒரே ஆசிரியரும் நாலு, அஞ்சாம் வகுப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

கடன் வாங்கிக் கழித்தலில் நான் மாட்டிக்கொண்டது அப்படித்தான். மூன்றாம் வகுப்பில் பாதிப்பேர் 42-லிருந்து 17 போனால் 35 என்றார்கள். குழுவில் புலம்பினேன். வேறு இடமாக இருந்தால் பயிற்சித்தாள் பிடிஎஃப்கள் வந்து குவிந்திருக்கும். பவானி சார் ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "ஏனுங்க டீச்சர், எப்படிப் போட்டேன்னு பசங்களைக் கேட்டீங்ளா? நோட்டைப் போட்டோ எடுத்துப் போடுங்க."

கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாதுங் டீச்சர், அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன்" என்றான் ஒருவன். யோசித்துத்தான் போட்டிருக்கிறான்! நோட்டைப் பார்த்த கோபி அய்யா (ஓய்வுபெற்ற பின்னும் ராத்திரி பத்து மணிக்குப் பதில் போடுகிறவர்) ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டச் சொன்னார். கட்டுவதற்கு நம்மூரில் பனியன் வேஸ்ட் துணிக்கா பஞ்சம்? நாலு கட்டு, ரெண்டு உதிரி. இதில் பதினேழைக் கொடு என்றால், கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்ததும் உதிரி பன்னிரண்டு. ஏழைக் கொடுத்து, ஒரு கட்டையும் கொடுத்தால் கையில் 25. "கடன்" என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அந்த வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு சின்னப்பெண். பெற்றோர் இருவரும் பனியன் கம்பெனியில். வாயே திறக்காதவள். தாளவாடி மலையில் கன்னடம் பேசும் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடம் எடுக்கும் நம் குழுத் தம்பிதான் வழி சொன்னார்: முதலில் அவள் மொழியிலேயே குச்சியை எண்ணட்டும், அதே குச்சிகளை அப்புறம் தமிழில் எண்ணலாம் என்று. இப்போது அவளைச் சுற்றி உட்கார்ந்து மற்ற பிள்ளைகளும் ஒடியாவில் இருபது வரை எண்ணுகிறார்கள். எனக்குப் பதினொன்றைத் தாண்டினால் உளறுகிறது.

தங்கள் வகுப்பில் சரிவராததையும் மறைக்காமல் போட்ட எல்லோருக்கும் நன்றி. வெற்றிக்கதைகளை விட அவைதான் எனக்குப் பயன்பட்டன. ஒரு வார்த்தையும் போடாமல் படிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தேன், அதனால் உங்களுக்கும் ஒரு வணக்கம்.

கழித்தல் குரல் பதிவுகளை எழுத்தாக்கி வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால் அனுப்புகிறேன். அடுத்த வாரம் வகுத்தல் ஆரம்பம். கோபி அய்யா, பத்து மணிக்குத் தூங்கிவிடாதீங்க.

அன்புடன்,
அவிநாசிப் பக்கத்து டீச்சர்