உதவிப் பணம் கறுவா வாடி வரைக்கும் போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டு உதவி சுருங்கிவருவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை மூடியதையும், பிரித்தானியா தன் உதவித் தொகையைத் தேசிய வருமானத்தில் 0.5 வீதத்திலிருந்து 0.3 வீதமாகக் குறைக்கப்போவதையும் சொல்லிவிட்டு, போனால் போகட்டும், ஹோட்டல்களில் கருத்தரங்கு நடத்தியதைத் தவிர இந்த உதவியால் என்ன கண்டோம் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். கருத்தரங்குகள் மேல் எனக்கும் அதே கோபம்தான். ஆனால் கறுவாத் தொழிலில் நான் பார்த்தது வேறு.

கொழும்பில் ஒரு வாசனைத் திரவிய ஏற்றுமதி நிறுவனத்தில் 26 வருடம் கறுவா தரம் பிரிக்கும் வேலை பார்த்தேன். கறுவா விளையும் காலி மாவட்டத்தின் கரந்தெனிய, எல்பிட்டிய பக்கம் மாதத்தில் இரண்டு மூன்று தடவை போய் வருவேன். 2006க்குச் சற்று முன்னால் எங்கள் சரக்கு ஒன்று ஐரோப்பியத் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டது. காரணம் கந்தகம். பட்டை மஞ்சள் மினுக்கோடு இருக்கவும், பூச்சி பிடிக்காமல் இருக்கவும் கந்தகப் புகை போடுவது இங்கே பழைய வழக்கம். கறுவாவில் அது எவ்வளவு இருக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்போது அளவே கிடையாது. அளவு இல்லையென்றால் அனுமதியும் இல்லை.

அந்த நட்டம் யார் தலையில் விழுந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். நாங்கள் சேகரிப்பவருக்கு விலையைக் குறைத்தோம். அவர் தோட்டக்காரருக்குக் குறைத்தார். உரிப்பவர்களுக்கு நாட்கூலி இல்லை, உரித்த பட்டையில் பங்குதான். ஆகவே கடைசியில் அவர்கள் வீட்டு அரிசிதான் குறைந்தது. துறைமுகத்தையோ கந்தகச் சட்டத்தையோ கேள்விப்பட்டிராத மனிதர்கள்.

இலங்கை இந்தப் பிரச்சினையை உலக வர்த்தக அமைப்பு வரைக்கும் கொண்டுபோனது. 2006இல் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர ஆணையம், கிலோவுக்கு 150 மில்லிகிராம் கந்தக ஈரொட்சைட்டு வரை இருக்கலாம் என்று தீர்மானித்தது. சரி, கடதாசியில் அளவு வந்துவிட்டது. ஆனால் வாடியில், அதாவது பட்டை உரிக்கும் கொட்டகையில், மண்தரை அப்படியேதானே இருந்தது?

அங்கேதான் உதவி வந்து சேர்ந்தது. 2005 டிசம்பரில் ஹொங்கொங்கில் கூடிய வர்த்தக அமைச்சர்கள் 'வர்த்தகத்துக்கான உதவி' என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். ஏழை நாடுகளுக்குச் சந்தையைத் திறந்துவிட்டால் போதாது, அந்தச் சந்தைக்குப் போய்ச்சேரக் கையும் காலும் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. தர நிர்ணயங்களுக்கென்று ஜெனீவாவில் இயங்கும் எஸ்டிடிஎஃப் என்ற நிதியமும், ஐக்கிய நாடுகளின் கைத்தொழில் அபிவிருத்தி அமைப்பும், நம் வாசனைத் திரவியத் துறையினரும் சேர்ந்ததில் கொஸ்கொடவில் கறுவாப் பயிற்சி நிலையம் உருவானது. தரையில் சாக்கு விரித்து உரித்தவர்கள் மேசையில் வைத்து உரிக்கப் பழகினார்கள். கை கழுவுவது, தண்டைக் கழுவுவது, ஈரம் பார்ப்பது எல்லாம் பாடமாயிற்று.

கறுவா உரிப்பதைப் பார்க்காதவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தெரியலாம். முதலில் வெளித்தோலைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு பித்தளைக் கோலால் தண்டை அழுத்தித் தேய்ப்பார்கள், உள்பட்டை தண்டைவிட்டு இளகும் வரை. அப்புறம் சிறு கத்தியால் இரண்டு பக்கம் கீறி, கிழியாமல் கழற்ற வேண்டும். பட்டைக்குள் பட்டை செருகி 42 அங்குலக் குழலாக்கி, கூரைக்குக் கீழே கட்டிய தும்புக் கயிறுகளில் நிழலில் காயவைப்பார்கள். விட்டம் ஆறு மில்லிமீற்றருக்கு உட்பட்டால் அது 'அல்பா', உச்ச விலை. அந்த மெல்லிய குழலை உருட்ட விரல்களுக்கு வருடக்கணக்கில் பழக்கம் வேண்டும். எனக்கு 26 வருடத்தில் தரம் பிரிக்கத்தான் வந்தது, உருட்ட வரவில்லை.

இப்படிப்பட்ட கைகளுக்கு இந்த நாடு என்ன மரியாதை கொடுத்தது? போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஒரு சாதியையே கட்டாய வேலைக்குப் பிடித்துக் கறுவா உரிக்க வைத்தார்கள். அந்த இழிவு இன்னும் தொழிலைவிட்டு முழுக்கப் போகவில்லை. கரந்தெனியவில் ஒரு முதியவர் என்னிடம் சொன்னார்: "மகனுக்குப் பெண் பார்க்கும்போது என் தொழிலைச் சொல்லவில்லை, தோட்டத்தில் வேலை என்றுதான் சொன்னோம்." மகன் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். உரிக்க ஆளில்லாமல் வெட்டுப் பருவம் தவறிப்போகும் தோட்டங்கள் எத்தனையோ உண்டு. கொஸ்கொடவில் உரிப்பவர்களுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்க வழி செய்தார்கள். மேசை நாற்காலியைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. 2022 பெப்ரவரியில் சிலோன் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு, அதாவது விளையும் இடத்தோடு சேர்ந்த பெயருக்கான பாதுகாப்பு, கிடைத்தது, நம் நாட்டுக்குக் கிடைத்த முதல் குறியீடு. கறுவா என்று விற்கப்படும் இன்னொரு வகையான கசியா பட்டையில் உள்ள கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகமானால் ஈரலுக்குக் கெடுதல் என்று ஜேர்மனியில் எச்சரித்திருக்கிறார்கள். நம் கறுவாவில் அது மிகக் குறைவு. இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? ஆனால் குறியீட்டைப் பொதியில் போட வேண்டுமானால் விதிகளின்படி உற்பத்தி செய்து, பதிவு வைத்து, பரிசோதனைக்கு இடம் கொடுக்க வேண்டும். நம் கறுவாவில் பெரும்பகுதி சிறு தோட்டங்களிலிருந்து வருகிறது. ஒன்றரை ஏக்கர்காரர் அந்தச் செலவைத் தனியாக எப்படித் தாங்குவார்? கூடுதல் விலை கொழும்பில் பொதி கட்டுகிறவரோடு நின்றுவிட்டால், உரிப்பவர் கையில் இருப்பது பழைய பங்குதான்.

அதனால் உதவி குறைகிற காலத்தில் மிஞ்சுவதை எங்கே போடுவது என்பதுதான் என் கேள்வி. சிறு தோட்டக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து சான்று பெறும் செலவுக்குக் கொடுக்கலாம். ஊருக்கு ஒரு பொது உரிப்பு வாடி கட்டலாம். இப்படிப்பட்ட உதவிகளை நடத்தும் செயற்றிட்டக் குழுவில் உரிப்பவர்களின் ஆள் ஒருவராவது உட்கார வேண்டும். 2022இல் கடனைக் கட்ட டொலர் இல்லாமல் நாம் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். கறுவா ஒவ்வொரு வருடமும் அந்த டொலரைக் கொண்டுவருகிறது.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். மே, ஜூனில் மழை விழுந்து பட்டை இளகும்போது வெட்டுத் தொடங்கும். அம்பலாங்கொடவில் இறங்கிக் கரந்தெனிய பஸ் எடுத்தால், எந்த வாடியிலும் உட்கார இடம் கொடுப்பார்கள். உதவியால் என்ன கண்டோம் என்ற கேள்வியை அங்கே உரிப்பவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கறுவாத் தரம் பிரிப்பாளர்,
வத்தளை.